நம்மூர்க் கணக்கு: கமிட்டி முதல் வீடூர் அணை வரை

தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல் என்று எந்தத் துறையில் சேர்ந்தாலும், இளங்கலை முதல் ஆண்டில் வேறொரு துறை நடத்தும் விருப்பப் பாடம் ஒன்றைப் பெரும்பாலான மாணவர்கள் எடுக்க வேண்டியிருக்கும். மாணவர்கள் என்.எம்.இ. என்று சொல்வது இதைத்தான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த இடத்தில் கணிதத் துறையின் அன்றாடக் கணக்குத் தாளைத் தேர்ந்தவர்களுக்கும், அதை நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கும் இந்த அத்தியாயம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டிலும் வந்து உட்காரும் மாணவர்களை மனத்தில் வைத்தே கணக்குகளைத் தேர்ந்திருக்கிறேன்.

இவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். பிளஸ் டூ பாடத்தைச் சுருக்கி மறுபடி அவர்களிடம் நீட்டுவது வீண் வேலை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம், சராசரி, முக்கோணத்தின் பரப்பு இவ்வளவு தெரிந்தால் இந்தத் தாளுக்குப் போதும். கணக்குப் போடுவது கடினமில்லை. எதை எதால் வகுப்பது என்று முடிவு செய்வதுதான் கடினம், ஒரு பருவம் முழுக்கப் பழக வேண்டியதும் அதுதான்.

முதல் வாரமே வீட்டிலிருக்கும் நான்கு தாள்களின் நகலைக் கொண்டுவாருங்கள்: நிலத்தின் பட்டா, கமிட்டியில் கொடுத்த எடைச் சீட்டு, கடைசியாகக் கட்டிய மின் கட்டண ரசீது, ஏதாவது ஒரு கடன் அட்டை. பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள். யாருடைய கடன் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. நிலமே இல்லாத வீடுகளும் உண்டு. அந்த மாணவர்கள் பக்கத்து இருக்கை நண்பரின் தாளைப் பகிர்ந்துகொள்ளலாம். நிலக் கணக்கு நிலம் இல்லாதவருக்கும் வேண்டும், என்றாவது ஒரு மனை வாங்கும்போது அது கைகொடுக்கும்.

கமிட்டியில் ஒரு மூட்டை

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நம் பக்கம் கமிட்டி என்றுதான் சொல்கிறோம். அங்கே நெல்லுக்கு விலை சொல்வது 75 கிலோ மூட்டைக்கு. மணிலாவுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, 80 கிலோ மூட்டை. அரசு ஆதரவு விலையை அறிவிப்பது குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சாக்குப் பிடிப்பது 40 கிலோ. ஒரே நெல்லுக்கு மூன்று அளவுகள். கமிட்டியில் மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது, கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கு 1,000 ரூபாய் என்று இருவர் பேசிக்கொண்டால், முதலாமவருக்கே அதிகம் கிடைத்ததாகக் காதுக்குப் படும்.

கிலோவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1,700-ஐ 75-ஆல் வகுத்தால் 22 ரூபாய் 67 காசு. 1,000-ஐ 40-ஆல் வகுத்தால் 25 ரூபாய். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு, தன் ஊக்கத்தொகையையும் சேர்த்து, சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்தது குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதைக் கமிட்டி மூட்டைக்கு மாற்றினால் 1,875. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போகிறவர் சிந்தித்து முடிவெடுக்கலாம். கொள்முதல் நிலையத்தில் காத்திருக்க வேண்டிய நாட்கள், வண்டி வாடகை, மழைக்கு நனையும் ஆபத்து எல்லாவற்றையும் சேர்த்தபிறகு கமிட்டி விலையே மேல் என்று தோன்றினாலும் தோன்றலாம். ஆனால் 175 ரூபாயை எதற்காக விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

அடுத்தது ஈரப்பதம். இதை வகுப்பில் அவசரமில்லாமல் நடத்த வேண்டும், சதவீதம் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் கணக்கு எனக்குத் தெரியாது. 20 சதவீத ஈரத்தோடு 100 கிலோ நெல் இருக்கிறது. கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்குக் காயவைக்கிறீர்கள். எடை எவ்வளவு குறையும்? கேட்டவுடன் வகுப்பே மூன்று கிலோ என்று சொல்லும். அது சரியல்ல. 100 கிலோவில் 20 கிலோ தண்ணீர், 80 கிலோ நெல். வெயிலில் காய்வது தண்ணீர் மட்டும். நெல்லின் 80 கிலோ அப்படியே இருக்கிறது. காய்ந்தபின் அந்த 80 கிலோ, மொத்த எடையில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 80-ஐ 0.83-ஆல் வகுத்தால் 96.4 கிலோ. ஆக, குறைவது 3.6 கிலோ. 14 சதவீதம் வரை காயவைத்தால் 93 கிலோதான் மிஞ்சும், 7 கிலோ போய்விடும். முதல் சதவீதம் ஒரு மொத்தத்துக்கு, இரண்டாவது சதவீதம் வேறொரு மொத்தத்துக்கு. இரண்டையும் நேரடியாகக் கழிக்க முடியாது. 'ஈரத்துக்குக் கழிவு' என்று யாராவது ஒரு கணக்குச் சொன்னால், இந்த வழியில் போட்டுப் பாருங்கள்.

மணிலா என்றதும் திண்டிவனத்தின் பெயர் இந்தியா முழுக்கப் பரவியதைச் சொல்லியாக வேண்டும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று மணிலா ரகங்களின் பெயரில் வரும் அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்கள் அவை. டி.எம்.வி. 2 வெளியானது 1940-இல். ஒரு ரகம் இன்னொன்றைவிட மேல் என்று எப்படி முடிவு செய்வது? ஒரு வயலில் இதையும் மறு வயலில் அதையும் விதைத்து மூட்டையை எண்ணினால் ரகத்தின் குணமா, மண்ணின் குணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே நிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, பல முறை விதைத்து, சராசரியையும் சராசரியிலிருந்து பாத்திகள் விலகும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த முறையை வகுத்தவர் இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் வேலை பார்த்த ஆர்.ஏ. ஃபிஷர். புள்ளியியல் வகுப்பைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் திண்டிவனம் மாணவருக்குக் கிடையாது.

நாலு பக்கம் அளந்தால் போதாது

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் அச்சாகியிருக்கும். வீட்டில் பேசுவது ஏக்கர், சென்ட். பெரியவர்கள் காணி என்பார்கள். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர். காணி என்பது 57,600 சதுர அடி, அதாவது 2,400 சதுர அடி மனைகள் 24. சென்டில் சொன்னால் 132. பட்டாவில் 0-32.50 என்றிருந்தால் 32.5-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள்: 80 சென்ட். இவ்வளவையும் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், மனப்பாடம் தேவையில்லை.

இதைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. மனை வாங்கும்போது டேப் பிடித்து நாலு பக்கத்தையும் அளக்கிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து ஒன்றோடொன்று பெருக்கிப் பரப்பு சொல்லிவிடுகிறார்கள். மூலைகள் நான்கும் செங்கோணமாக இருந்தால்தான் இது சரி. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இந்த முறை பரப்பைக் கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குபவருக்கே நட்டம்.

100 அடியும் 60 அடியும் பக்கங்களாகக் கொண்ட இடம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கங்களும் அதே அளவு. கணக்கு 6,000 சதுர அடி என்று வரும். ஆனால் இடம் சாய்ந்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே அளந்தால் 87 அடி 2 அங்குலம் இருக்கிறது. இப்போது அது இரண்டு முக்கோணம். ஒவ்வொன்றின் பக்கங்களும் 100, 60, 87.2. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 123.6. அதிலிருந்து மூன்று பக்கங்களையும் தனித்தனியே கழித்து, கிடைத்த மூன்றையும் 123.6-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 2,598. இரண்டு முக்கோணத்துக்கும் சேர்த்து 5,196 சதுர அடி. காணாமற்போனது 804 சதுர அடி, ஏறக்குறைய 1.85 சென்ட். திண்டிவனம் புறவழிச்சாலைப் பக்கம் இன்று ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று விசாரித்து, இந்தக் கணக்கை மாணவர்களே ரூபாயில் முடிக்கட்டும். நாலு பக்கத்தோடு ஒரு குறுக்களவையும் எடுக்காமல் எந்த இடத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். சர்வே அலுவலகத்தின் புலப்படத்தில் நிலத்தை முக்கோணங்களாக வெட்டி அளவு போட்டிருப்பதற்கும் காரணம் இதுதான். ஒரு புலப்பட நகலை வகுப்புக்கு வாங்கிவந்து படிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

தண்டலும் தவணையும்

இந்தத் தாளின் மிக அவசியமான பகுதி இது. ஆசிரியர்களுக்கு நேரம் போதாவிட்டால் மற்றதைக் குறைத்தாவது இதை முழுக்க நடத்த வேண்டும்.

பூக்கடை, காய்கறிக்கடை வைத்திருப்பவர்கள் தண்டல் வாங்குவது எல்லா ஊரிலும் உண்டு. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500 ரூபாய். 8,500-க்கு 1,500 என்றால் பதினேழரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், பரவாயில்லையே என்று தோன்றும்.

இரண்டு விஷயம் அதில் விட்டுப்போயிருக்கிறது. முதலாவது, அது ஒரு வருடத்துக்கான வட்டி இல்லை, நூறு நாளுக்கு. இரண்டாவது, நூறு நாளும் 8,500 உங்கள் கையில் இருக்கவில்லை. மறுநாளே திருப்பத் தொடங்கிவிட்டீர்கள். சராசரியாகக் கையில் இருந்தது ஏறத்தாழப் பாதி, 4,250. அதற்கு 1,500 வட்டி என்றால் நூறு நாளில் 35 சதவீதம். 365 நாளுக்குக் கணக்கிட்டால் 129 சதவீதம். இது தோராயம். தொடக்க நாட்களில் கட்டும் நூறு ரூபாயில் வட்டியின் பங்கு அதிகம், அசல் மெதுவாகத்தான் குறைகிறது. அதனால் சராசரி இருப்பு பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். கணினியில் நாள் நாளாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 121 சதவீதம் வரும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. பத்து ரூபாய் வட்டி என்று சொன்னால் 'ஐயோ' என்று விலகிப்போகும் அதே மனிதர், தண்டல் அட்டையை வாங்கிக்கொள்கிறார்.

தண்டல் வாங்குகிறவரை இளக்காரமாகப் பேசும் இடமாக வகுப்பு ஆகிவிடக் கூடாது. அடமானம் கேட்காமல், கடைக்கே வந்து பணம் கொடுக்கும் வேறு யாரும் அவருக்கு இல்லாமல் இருக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு நாள் சரக்கு வாங்கி, விற்று, லாபம் பார்த்து அவர் தவணை கட்டவும் கூடும். ஆனால் அதே வீட்டில் பிள்ளை ஒருவர் கல்லூரியில் படிக்கும்போது, கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் வட்டியையும் இதையும் ஒரே தாளில் எழுதிக் காட்ட ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வண்டிக் கடனிலும் இதே கதைதான். 60,000 கடன், 10 சதவீத வட்டி, இரண்டு வருடம். வட்டி 12,000, மொத்தம் 72,000, மாதம் 3,000. கடைசி மாதம் உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் கடன் 3,000-க்கும் குறைவு, ஆனாலும் முழு 60,000-க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் இதே தவணைக்கு விகிதம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். எனவே ஒரு கடையில் 'பத்து', இன்னொரு வங்கியில் 'பதினான்கு' என்றால், பதினான்கே மலிவாக இருக்கக்கூடும். 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

நகை வாங்கும் கணக்கு சுருக்கமானது. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு பவுன் 80,000. சேதாரம் 12 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். 1.12-ஐ 1.03-ஆல் பெருக்கினால் 1.1536. கையிலிருந்து போவது 92,288. அன்று மாலையே விற்கப் போனால் எடைக்கான காசுக்கு மேல் கிடைக்காது. சேமிப்புக்காக வாங்குகிறவர் சேதாரம் குறைந்த நகையைக் கேட்டு வாங்கலாம்.

மின் கட்டணத்தில் ஒரு படி

நேர்கோடு, வளைகோடு என்று பாடப்புத்தகத்தில் வரும். திடீரென்று குதிக்கும் கோட்டுக்கு மின் கட்டணம் நல்ல எடுத்துக்காட்டு. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவழித்தால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்து 400 வரை முழுக்கவும் 4.50 ஆகிவிடுகிறது. 501 யூனிட்டுக்கு 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். விகிதங்கள் அதற்குப் பிறகு உயர்ந்திருக்கின்றன. உங்கள் ரசீதில் இருக்கும் இன்றைய விகிதத்தை வைத்து இதே கணக்கைப் போட்டு, 500-ஐ நெருங்கும் வீடுகளுக்குச் சொல்லுங்கள். கணக்கெடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிட்டால் அந்தக் குதிப்புக்கான பணம் மிஞ்சும்.

வீடூர் அணையில் எவ்வளவு தண்ணீர்

மயிலம் அருகே இருக்கும் வீடூர் அணை 1958-59-இல் கட்டப்பட்டது. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, பாசனம் 3,200 ஏக்கர், அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிப் பகுதியில். மழைக்காலத்தில் செய்தித்தாளில் வரும் இந்த எண்களை எல்லோரும் படிக்கிறார்கள், யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. 605 மில்லியனை 3,200-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 1 லட்சத்து 89 ஆயிரம் கன அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மறுபடி வகுத்தால் 4.34 அடி. நிரம்பிய அணையை முழுக்கத் திறந்தால் 3,200 ஏக்கரிலும் 4.34 அடி உயரத் தண்ணீர். ஒரு போகம் நெல்லுக்கு வேண்டியது ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர், அதாவது நான்கடி. ஆவியாவதும் வாய்க்காலில் ஊறிப்போவதும் இதில் கழிய வேண்டும். அணை ஒரு முறை நிரம்பினால் ஒரு போகம், அதுவும் மழை கைகொடுத்தால் என்பது இந்த இரண்டு வகுத்தலில் தெரிந்துவிடுகிறது.

'அணையில் 16 அடி' என்று செய்தி வந்தால் பாதி நிரம்பிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அடியில் குறுகி மேலே விரியும் பள்ளம் அது. கூம்பு வடிவம் என்று கொண்டால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். உண்மையான அணை கூம்பும் இல்லை, அதற்கென்று உயரத்துக்கும் கொள்ளளவுக்கும் தனி அட்டவணை நீர்வளத் துறை வசம் உண்டு. ஆனாலும் உயரம் பாதியானால் தண்ணீர் பாதிக்கும் வெகு கீழே என்பது உறுதி. நீர்வரத்து நொடிக்கு 1,000 கன அடி என்றால் காலியான அணை நிரம்ப எத்தனை நாள்? 605 மில்லியனை 1,000-ஆல் வகுத்து, ஒரு நாளின் 86,400 நொடியால் வகுங்கள். சரியாக ஏழு நாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் தண்ணீர் என்றால் 2,023 கன மீட்டர், 20 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் 168 லாரித் தண்ணீர், ஒரே ஏக்கரில், ஒரே நாளில். அப்படிப்பட்ட மழை 34 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்து, ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் ஓடி வந்தால் வீடூர் அணை அடியிலிருந்து நிரம்பிவிடும். அந்த மழையில் ஏரிகள் ஏன் தாங்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாணவர்கள் நினைவில் வைக்க ஒரே விதி: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டைமாடி 55.7 சதுர மீட்டர், 10 மில்லிமீட்டர் மழைக்கு 557 லிட்டர். அதைப் பிடித்துவைக்கும் தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

தேர்வு பற்றி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் முப்பத்தேழரை. இந்தத் தாளை ஒழுங்காகப் படித்தவருக்குத் தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், பரப்பு எல்லாம் கைவந்திருக்கும். அதற்காகவே நடத்தும் பாடமாக இதை ஆக்கிவிட வேண்டாம், வேகத்தைப் பயிற்சி மையங்கள் பார்த்துக்கொள்ளும்.

பருவத்தின் இறுதியில் ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுத் தாள் ஒன்றை எடுத்து இரண்டு பக்கத்துக்கு எழுதட்டும். என்ன கேள்வி, எந்த எண்கள், எதை எதால் வகுத்தார், விடை என்ன, அதனால் வீட்டில் எதை மாற்றலாம். தமிழில் எழுதட்டும். எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றையும் சேர்க்கட்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வறையில் கால்குலேட்டரை அனுமதியுங்கள், பெருக்கல் வேகத்தைச் சோதிக்க இந்தத் தாள் இல்லை. விடையோடு அலகை எழுதாதவருக்கு, எண் சரியாக இருந்தாலும், பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்காதீர்கள்.